"மறந்துவிடு" என்றால் ஆறாத மனக்காயம்

"நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு." துயரத்தில் இருப்பவருக்குச் சுற்றத்தார் கூறும் ஆறுதல் இது. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால், மறக்க முடியாமல் தவிப்பதுதான் சிலருக்கு நோயாகவே இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மழை தூறும் மாலை வேளை. அண்ணன் மோட்டார் சைக்கிளை ஓட்ட, தம்பி பின்னால் அமர்ந்திருக்கிறான். சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கை மீறி வந்த லாரி மோதுகிறது. அண்ணன் பிழைத்துக்கொள்கிறார், தம்பி இறந்துவிடுகிறான். ஈராண்டுகள் கடந்தும் லாரிச் சத்தம் கேட்டால் அண்ணனுக்குக் கை நடுங்குகிறது. அந்தச் சந்திப்பைத் தவிர்க்க ஊரைச் சுற்றி வேலைக்குப் போகிறார். இரவில் அதே காட்சி கனவில் வருகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே குரல் ஒலிக்கிறது: "நான்தான் அவனைக் கொன்றுவிட்டேன்."

கோரமான நிகழ்வுக்குப் பிறகு மனம் கலங்குவது இயல்பு. பலருக்குக் காலப்போக்கில், குடும்பத்தாரின் அரவணைப்பில் அது தணிந்துவிடும். ஒரு மாதத்திற்கு மேலும் இத்தகைய அறிகுறிகள் நீடித்து, அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் அதற்குச் சிகிச்சை தேவை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாகப் பட்டியலிட்டது. இது கோழைத்தனம் அன்று. ஆபத்து நீங்கிய பின்னும் மூளையின் அபாயமணி ஓயாமல் அடிப்பதே இந்நிலை.

உளவியல் சிகிச்சை இங்கு என்ன செய்கிறது? பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அமெரிக்க உளவியலாளர் பெட்ரீசியா ரெசிக் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. பொதுவாக 12 அமர்வுகள். "உங்கள்மீது தவறில்லை" என்று சிகிச்சையாளர் முடித்துவிடுவதில்லை, கேள்விகள் கேட்கிறார். அன்று உங்களுக்கு எந்த விளக்கு எரிந்தது? லாரி நிற்காது என்று தெரிந்திருந்தால் வண்டியை எடுத்திருப்பீர்களா? பின்னர் தெரிந்ததை வைத்து, அன்று தெரியாமல் இருந்தவரைத் தண்டிப்பது நியாயமா? பதில் தேடும்போது அழுகை வரும், கோபமும் வரும். முதல் சில வாரங்கள் கடினமாகவே இருக்கலாம். சிகிச்சை நினைவை அழிப்பதில்லை. "இப்போது நடக்கிறது" என்று மிரட்டிய காட்சி, "அன்று நடந்தது" என்னும் நினைவாக மாறுகிறது.

சிலருக்கு இன்னொரு தடை எழுகிறது. "என்மீது தவறில்லை என்று அறிவுக்குப் புரிகிறது, மனம் ஏற்கவில்லை" என்பார்கள். பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட் இதனைக் கூர்ந்து கவனித்தார். நல்ல சொற்களையே தங்களுக்குள் சொல்லிக்கொண்டாலும், அதனைக் கடுமையான, வெறுப்புத் தொனியில் அவர்கள் சொல்கிறார்கள் என்று கண்டார். அந்தத் தொனியை மாற்றப் பழக்கும் சிகிச்சை முறையை அவர் வகுத்தார்.

இதன் மையம் தன்பரிவு. அமெரிக்க ஆய்வாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் இதற்கு மூன்று கூறுகளை விளக்கினார்: தன்னிடம் கனிவு காட்டுதல், துன்பம் மனிதர் எல்லாருக்கும் பொது என உணர்தல், வலியை மறைக்காமலும் பெரிதாக்காமலும் கவனித்தல்.

தன்பரிவும் சுயபச்சாதாபமும் ஒன்றல்ல. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்பது சுயபச்சாதாபம், அது மனிதரைத் தனிமைப்படுத்தும். "எனக்கு வலிக்கிறது, இப்படி வலித்தவர்கள் வேறு பலரும் உண்டு" என்பது தன்பரிவு. தவறு உண்மையிலேயே நடந்திருந்தாலும் தன்பரிவு பொறுப்பைத் தட்டிக் கழிப்பதில்லை. பொறுப்பை ஏற்பது வேறு, ஆயுள் முழுவதும் தன்னையே அடித்துக்கொள்வது வேறு. இதே நிலையில் ஒரு நண்பர் வந்து அழுதால் என்ன சொல்வோம் என்று யோசிப்பதே நல்ல தொடக்கம்.

உதவி தேடுவோர் முதலில் சுகாதார நிலைய மருத்துவரைப் பார்த்து, மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். மலேசியாவில் 15555, சிங்கப்பூரில் 1771 என்ற எண்களில் மனநல உதவிச் சேவைகள் உள்ளன. மலேசியாவில் ஆலோசகரை நாடும்போது, அவர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்டறிவது நல்லது.

குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. "மறந்துவிடு" என்பதற்குப் பதில், "சொல், கேட்கிறேன்" என்று அருகில் அமர்ந்தால் போதும். அந்த அண்ணன் தம்பியை மறக்க வேண்டியதில்லை. தம்பியின் பெயரைச் சொல்லும்போது, விபத்து மட்டுமன்றி அவனுடைய சிரிப்பும் நினைவுக்கு வர வேண்டும். அதுவே குணமடைதல்.