பட்டாணி உரிக்கும்போது ஒரு கணக்கு

மார்கழி, தை மாதங்களில் பச்சைப் பட்டாணி நன்றாகக் கிடைக்கும். ஒரு கிலோ வாங்கி வந்து முறத்தில் கொட்டிக்கொண்டு உட்காருகிறீர்கள். உதவிக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு உங்கள் ஏழு வயதுச் செல்வமும் பக்கத்தில் வந்து உட்காருகிறது. உரிப்பதில் பாதி அதன் வாய்க்குள் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இன்றைக்கு மட்டும் விரட்டாதீர்கள். ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தில் "லைன் பிளாட்" என்கிறார்களே, அதைத்தான் சொல்லித் தரப் போகிறீர்கள். எண்கோட்டுப் படம் என்று நாம் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2010-ல் வெளியான பொதுப் பாடத் திட்டத்தில் இதை இரண்டாம் வகுப்பிலேயே வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கோலத்துக்குப் புள்ளி வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பெரிய வித்தையே அல்ல.

குழந்தை இருபது காய்களைப் பொறுக்கி எடுக்கட்டும். ஒவ்வொன்றாக உரித்து, உள்ளே எத்தனை மணி என்று எண்ணி எழுதட்டும். (எண்ணி எழுதிய பிறகுதான் வாயில் போடலாம் என்பது சட்டம்.) இருபதும் முடிந்ததும் எழுதியதில் மிகச் சிறிய எண் எது, மிகப் பெரியது எது என்று கேளுங்கள். 3 என்றும் 10 என்றும் சொல்லுகிறது என்று வையுங்கள். காகிதத்தின் அடியில் ஒரு கோடு போட்டு 3 முதல் 10 வரை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு காய்க்கு ஒரு பெருக்கல் குறி. அதில் எத்தனை மணி இருந்ததோ அந்த எண்ணுக்கு மேலே. அதே எண் மறுபடியும் வந்தால் முதல் குறியின் தலைமேல் இன்னொன்று.

இங்கேதான் உங்கள் கோல அனுபவம் கைகொடுக்கும். புள்ளிகள் நெருங்கியும் விலகியும் இருந்தால் கோலம் கோணிப்போகும் அல்லவா? இந்தப் படமும் அப்படித்தான். ஒரு குறியைப் பெரிதாகவும் ஒன்றைச் சிறிதாகவும் போட்டால், நான்கு குறிகள் ஆறு குறிகளைவிட உயரமாக நின்று பொய் சொல்லும். கட்டம் போட்ட கணக்கு நோட்டாக இருந்தால் தொல்லை இல்லை, கட்டத்துக்கு ஒரு குறி.

நம்முடைய இருபது காய்களில் 3 மணி உள்ளது ஒன்று, 4 மணி இரண்டு, 5 மணி நான்கு, 6 மணி ஆறு, 7 மணி நான்கு, 8 மணி இரண்டு, 10 மணி ஒன்று என்று வந்ததாகச் சொல்லிக்கொள்வோம். 9 மணி உள்ள காய் ஒன்றுமில்லை. குழந்தை உடனே 9-ஐ விட்டுவிட்டு 8-க்கு அடுத்து 10 என்று எழுதப் பார்க்கும். விடாதீர்கள். ஆள் இல்லாவிட்டாலும் நாற்காலி அங்கேயே இருக்க வேண்டும். அந்தக் காலி இடம்தான், பத்து மணிக் காய் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறது என்பதைக் காட்டுகிறது.

இனிமேல்தான் படிக்கக் கற்றுக்கொடுப்பது. வரைவது சுலபம், படிப்பதில்தான் குழந்தைகள் தடுமாறுகிறார்கள். "எந்தக் காயில் அதிக மணி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். குறிகள் உயரமாக நிற்கும் 6-ஐ விரல் தொடும். உயரமாக இருப்பது பெரியது என்பது குழந்தையின் நியாயம்! அடியிலுள்ள எண் மணிகளைச் சொல்லுகிறது, மேலே அடுக்கிய குறிகள் காய்களைச் சொல்லுகின்றன என்பதை வாயால் பத்துத் தடவை சொன்னாலும் ஏறாது. ஒரு குறியைத் தொட்டு, "இது எந்தக் காய், எடு" என்று சொல்லுங்கள். தோலைக் கையில் எடுத்துக் காட்டியதும் புரிந்துவிடும். பிறகு, "ஏழும் அதற்கு மேலும் மணி உள்ளவை எத்தனை காய்?" என்று கேளுங்கள். நான்கு, இரண்டு, ஒன்று, ஆக ஏழு. கொஞ்சம் பெரிய குழந்தையானால் மொத்தம் எத்தனை மணி என்று கேட்கலாம். 121 என்று வர வேண்டும். இருபது என்று வந்தால் காய்களை எண்ணியிருக்கிறது என்று அர்த்தம்.

பட்டாணி விளையாட்டு. அடுத்தது விளையாட்டல்ல.

ஏழு வயதில் பால் பல் விழுவது குழந்தைகளுக்கு எவ்வளவு பெரிய கௌரவம் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். நான்கு பல் விழுந்தவன் பொக்கை வாயைக் காட்டிக்கொண்டு திரிவான்; ஒன்றுகூட விழாதவன் வாயை மூடிக்கொண்டு மூலையில் நிற்பான். பொங்கலுக்கு வரும் உறவுக் குழந்தைகளையும் அடுத்த வீட்டுக் குழந்தைகளையும் சேர்த்து, விழுந்த பற்களுக்கு ஒரு படம் போடச் சொல்லுங்கள். அப்போது ஒன்றைக் கவனியுங்கள். கோட்டை 1-லிருந்து தொடங்கினால், பல் விழாத குழந்தைக்குக் குறி போட இடமே கிடையாது. "நீ சும்மா பார்த்துக்கொண்டிரு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். 0-விலிருந்து தொடங்குங்கள். அங்கேயும் ஒரு குறி விழும். பெரும்பாலும் அதற்குத் துணையாக இன்னொன்றும் விழும். பெயர் எழுத வேண்டாம். பால் பற்கள் மொத்தம் இருபது. சாதாரணமாக ஆறு வயதை ஒட்டி ஆரம்பித்து, பன்னிரண்டு வரையில் ஒவ்வொன்றாக விழுகின்றன. ஒருவருக்கு முன்னே, ஒருவருக்குப் பின்னே என்று நாம் ஆயிரம் சமாதானம் சொன்னாலும் கேட்காத குழந்தை, படத்தில் எல்லாக் குறிகளும் பரவி நிற்பதைத் தானே பார்த்துக்கொள்ளும். உயரத்துக்கும் இப்படியே செய்யலாம். ஆனால் பரீட்சை மார்க்குக்கு மட்டும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு குறி, ஒரு ஆள் என்ற இந்தச் சின்ன விதி உயிர் காக்கும் காரியத்துக்கும் உதவியிருக்கிறது. 1854-ல் லண்டன் நகரில் பிராட் தெருப் பக்கம் காலரா வந்து, பத்தே நாளில் 500 பேருக்கு மேல் பலியானார்கள். டாக்டர் ஜான் ஸ்நோ வீடு வீடாக விசாரித்தார். பிறகு அவர் வெளியிட்ட தெருப்படத்தில், மரணத்துக்கு ஒரு சிறு கோடாக, வீட்டு வாசல்களில் அடுக்கினார். அது எண்கோடு அல்ல, ஊர்ப்படம்தான். ஆனால் கோடுகள் பிராட் தெருக் குழாயடியைச் சுற்றிக் குவிந்து நின்றன. பக்கத்திலேயே எழுபதுக்கு மேற்பட்டவர்கள் வேலை பார்த்த ஒரு பீர் வடிசாலையில் காலராவால் ஒரு சாவுகூட இல்லை. அவர்கள் அந்தத் தெருக் குழாய்த் தண்ணீர் பக்கமே போகவில்லை! குவிந்த இடம் பேசியது போலவே காலி இடமும் பேசியது. காலரா காற்றில் வருகிறது என்று டாக்டர்கள் பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

மறுபடியும் நம் பட்டாணிக்கு வருவோம். பத்து மணிக் காயைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது மட்டும் தனியாக அசிங்கமாக நிற்கிறது, அழித்துவிடட்டுமா?" என்று குழந்தை கேட்டால், மறுபடி எண்ணச் சொல்லுங்கள். எண்ணியது சரி என்றால் குறி இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாம் வகுப்புக்கு வந்த குழந்தையானால் பட்டாணி போதாது. வெண்டைக்காயையும் ஸ்கேலையும் கொடுங்கள். அரை அங்குலக் கணக்கில் அளக்கட்டும். 3-க்கும் 4-க்கும் நடுவே மூன்றரைக்கு ஓர் இடம் விட வேண்டும் என்று அப்போதுதான் அதற்குத் தெரியவரும். "பின்னம்" என்றால் அழுகிற குழந்தைகூட மூன்றரை அங்குல வெண்டைக்காய்க்கு அழாது. ஒன்று மட்டும்: அளந்து முடிகிறவரை அரிவாள்மணையை எடுக்காதீர்கள். சாம்பார் தாமதமானதற்கு வீட்டில் யாராவது கேட்டால் படத்தைக் காட்டிவிடுங்கள்.