மார்பில் தாங்கும் இட்டலிங்கம்

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்குவதுபோல, வழிபாட்டு மரபுகளும் அருகருகே வாழ்ந்து வருகின்றன. அவற்றுள் லிங்காயத்துகள் எனப்படும் வீரசைவர் மார்பில் அணியும் இட்டலிங்கம் தனிச்சிறப்புடையது. டைட்டன் நிறுவனத்தின் கடிகாரங்களும் நகைகளும் உருவாகும் ஓசூர்த் தொழில் நகரத்தில், அழகுக்காகவும் செல்வச் செழிப்புக்காகவும் அன்றி, வழிபாட்டுக்காகவே வாழ்நாள் முழுவதும் அணியப்படும் பொருள் அது.

இட்டம் என்றால் விருப்பம். அடியவர் தமக்கே உரியதாக ஏற்று வழிபடுவது இட்டலிங்கம். கல்லில் செய்த சிறிய லிங்கத்தின்மேல் கருநிறப் பூச்சிட்டு மெருகேற்றி, அதனைத் துணியில் முடிந்தோ, கன்னடத்தில் 'கரடிகெ' என வழங்கும் வெள்ளிச் சிமிழில் வைத்தோ, 'சிவதாரம்' என்னும் நூற்கயிற்றில் கோத்து அணிவர். வழிபாட்டின்போது அதனை இடது உள்ளங்கையில் எழுந்தருளச் செய்து, நீரும் திருநீறும் மலரும் சாத்தி, இமையாது நோக்கி மனத்தை ஒருமுகப்படுத்துவர். வேலைப்பாடும் விலைமதிப்பும் சிமிழோடு நின்றுவிடுகின்றன. உள்ளிருக்கும் லிங்கம் செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒன்றே.

12-ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பிஜ்ஜள மன்னனிடம் அமைச்சராக விளங்கிய பசவண்ணரும், அல்லமப்பிரபு, அக்கமகாதேவி முதலிய சரணர் எனப்படும் அடியவர்களும் இவ்வழிபாட்டைப் பேரியக்கமாக வளர்த்தனர். கோயில் வாயிலில் பிறப்பு தடையாக நின்ற காலத்தில், இறைவனையே ஒவ்வொருவர் கையிலும் ஒப்படைத்தது அவ்வியக்கத்தின் அருஞ்செயலாகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் லிங்கம் ஒருங்கே உரியதாயிற்று. பிறந்த குழந்தைக்கும் அது கட்டப்படுகிறது. சாமரசர் கன்னடத்தில் பாடிய அல்லமப்பிரபுவின் வரலாற்றைச் சிவப்பிரகாச சுவாமிகள் 17-ஆம் நூற்றாண்டில் 'பிரபுலிங்க லீலை' எனத் தமிழில் தந்ததால், இம்மரபு தமிழ் இலக்கியத்திலும் வேரூன்றியது.

இம்மரபில் காப்பு என்னும் கருத்தும் உண்டு. குரு, லிங்கம், ஜங்கமர் எனப்படும் அடியார், திருநீறு, உருத்திராக்கம், ஐந்தெழுத்து மந்திரம், பாதோதகம் எனப்படும் திருவடி நீர், பிரசாதம் ஆகிய எட்டும் 'அட்டாவரணம்' எனப்படும். ஆவரணம் என்பது சூழ்ந்து மறைத்துக் காப்பது. அடியவரை உலகப் பற்றுகளிலிருந்து காக்கும் எட்டுக் கவசங்கள் இவை.

உடலில் அணியும் புனிதப் பொருள் காக்கும் என்னும் நம்பிக்கை பண்டைய எகிப்திலும் ஓங்கியிருந்தது. ஹோரஸ் தெய்வத்தின் கண் உருவம் நலம் குன்றாதிருக்கவும், வண்டு வடிவக் காப்பு மறுபிறப்பு வாய்க்கவும் அணியப்பட்டன. அரசர்க்குப் பொன்னும் மணிக்கல்லும் அமைய, எளியவர் படிகக்கல் பொடியைக் குழைத்துச் சுட்ட பளபளப்பான காப்புகளை அணிந்தனர். 1922-இல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த எகிப்திய அரசன் துத்தன்காமன் கல்லறையில், அரசனின் உடலைச் சுற்றிய துணிகளுக்கிடையே மட்டும் 143 பொருள்கள் இருந்தன. அவற்றுள் பல மறுமைப் பயணத்தில் அவனைக் காக்கவேண்டி வைக்கப்பட்டவை.

இரு மரபுகளையும் ஒப்புநோக்கினால் அடிப்படையான ஒரு வேறுபாடு புலப்படும். எகிப்தியரின் காப்பு, அணிந்தவரைக் காக்கும் கருவி. இட்டலிங்கமோ அணிந்தவரே காத்துப் போற்றவேண்டிய இறைவடிவம். தொப்புளுக்குக் கீழே அது தொங்கலாகாது என்பதும், அதனை வழிபடாமல் உண்ணலாகாது என்பதும் அணிந்தவர் ஏற்றுக்கொண்ட ஒழுக்கங்கள். அவ்வொழுக்கமே அவருக்குக் காப்பாகிறது. வீரசைவர் இறந்தவரை எரிப்பதில்லை. அமர்ந்த நிலையில், இடது கையில் இட்டலிங்கத்தை வைத்து அடக்கம் செய்கின்றனர். பிறந்தபோது கழுத்தில் ஏறிய லிங்கம், நாள்தோறும் வழிபாடு பெற்ற அதே உள்ளங்கையில் இறுதியாக அமர்கிறது. வெள்ளிச் சிமிழ் அடுத்த தலைமுறைக்குச் சென்றாலும், லிங்கம் அவரைவிட்டு நீங்குவதில்லை.