ஹீட்டர் ஓய்ந்தால் யார் கை வைப்பது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சூ செயின்ட் மேரி என்னும் நகரத்திலிருந்து தண்டர் பே வரையில், சுப்பீரியர் என்கிற கடல் போன்ற ஏரியின் வடகரையைத் தழுவிக்கொண்டு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் செல்லுகிறது 17-ஆம் நெடுஞ்சாலை. ஜனவரி மாதத்து இரவொன்றில், உஷ்ணமானியின் அளவு பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகைக்கு இறங்கியிருக்க, ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே காடும் பாறையும் பனியுமன்றி வேறொன்றும் இல்லாத அந்தச் சாலையில், கைத்தொலைபேசிக்கும் பல இடங்களில் தொடர்பு கிடைக்காத நிலையில், பாரம் ஏற்றிய ட்ரக்கைத் தனியாக ஓட்டிச் செல்லுகின்ற ஒருவரிடம், என்ஜினுக்கு அடுத்தபடியாக இந்த வண்டியில் உமக்கு இன்றியமையாத உறுப்பு எது என்று கேட்டால், அவர் ஹீட்டர் என்றே சொல்வார். கைகால் விறைப்பது மட்டும் அதற்குக் காரணமன்று. மூச்சில் கலந்துள்ள ஈரம் முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து, படிந்த மாத்திரத்தில் உறைந்து, சாலையைக் கண்ணுக்கு மறைத்துவிடும். அந்தத் திரையை விலக்குவது ஹீட்டரிலிருந்து கண்ணாடியின்மேல் வீசும் வெப்பக் காற்றுதான். கனடாவிலும் அமெரிக்காவிலும் வாகனப் பாதுகாப்பு விதிகளில் 103-ஆம் விதி, முன்கண்ணாடியைத் தெளிவாக்கும் இந்த அமைப்புக்கென்றே வகுக்கப்பட்டிருக்கிறது.

இத்தகைய ஹீட்டர் ஒருநாள் காலையில் குளிர்ந்த காற்றையே ஊதத் தொடங்கினால், நாமே திருத்துவதா, மெக்கானிக்கிடம் விடுவதா என்ற கேள்வி எழுகிறது. ஒன்டாரியோவின் ஸ்கார்பரோ, மார்க்கம் ஆகிய ஊர்களில் வாழ்கின்ற நம் தமிழர்களில் ட்ரக் ஓட்டிப் பிழைப்போரும், சொந்த உபயோகத்துக்குப் பிக்கப் ட்ரக் வைத்திருப்போரும் கூடும் இடங்களில் இந்தக் கேள்வி குளிர்காலந்தோறும் எழுவதை நான் கேட்டிருக்கிறேன். சிலர் இதைப் பணத்தின் விஷயமாகவும், சிலர் தம் கைத்திறமையைப் பற்றிய கௌரவத்தின் விஷயமாகவும் எண்ணி விவாதிக்கிறார்கள். இன்ன கோளாறு என்று அறிவதற்கு முன்னால் இந்த விவாதமே பிரயோஜனமற்றது என்பது என் கருத்து. ஹீட்டர் ஓய்வதற்குரிய காரணங்களில் சில, ஒரு டாலர் பியூஸை மாற்றுவதோடு தீர்ந்துவிடும். வேறு சில, வண்டியின் டாஷ்போர்டு முழுவதையும் பெயர்த்து வெளியே எடுத்தாலன்றித் தீரமாட்டா. இவ்விரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே: குளிர்ந்த காற்று.

கோளாறை அறிவதற்கு, இந்த யந்திரம் வேலை செய்யும் முறையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். என்ஜினில் எரிகின்ற எரிபொருளின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்குப் பயன்படுகிறது. ஏறக்குறைய மற்றொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதி என்ஜினைச் சுற்றி ஓடும் கூலண்ட் என்னும் திரவத்தில் ஏறுகிறது. வீணாகப் போகும் இந்த உஷ்ணத்தையே ஹீட்டர் பிடித்து நமக்குத் தருகிறது. டாஷ்போர்டின் பின்னால், புத்தகம் அளவேயான ஒரு சிறு ரேடியேட்டர் மறைந்திருக்கிறது. அதற்கு ஹீட்டர் கோர் என்று பெயர். என்ஜினிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் சுடுகூலண்டை அதற்குள் கொண்டுசெல்ல, இன்னொரு ஹோஸ் திரும்பக் கொண்டுவர, அதன் ஊடே புளோயர் என்னும் விசிறி காற்றைச் செலுத்துகிறது. என்ஜினின் வாயிலில் தெர்மோஸ்டாட் என்ற சிறு வால்வு, தனக்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிவதால் திறந்தும், ஆறுகையில் சுருங்குவதால் மூடியும், கூலண்டின் சூட்டை 80 முதல் 95 பாகை வரையிலான ஓர் அளவில் காத்து நிற்கிறது. இவற்றோடு, சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் வேண்டிய அளவில் கலந்துவிடுகிற ஒரு சிறு கதவும், அதைத் திருப்பும் மோட்டாரும் உண்டு. ஹீட்டர் என்று நாம் சொல்வது இவ்வளவுதான்.

எங்கள் தெருவில், நெடுந்தூர ட்ரக் ஓட்டுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார். என் பிக்கப் ட்ரக்கின் ஹீட்டர் ஒரு டிசம்பரில் குளிர்ந்துபோய், நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனபோது, அவர் வேலிக்கு அப்பால் நின்று, "தம்பி, கழட்டுறதுக்கு முன்னம் ரெண்டு ஹோசையும் தொட்டுப் பார்" என்றார். "தொட்டா என்ன தெரியும் அண்ணை?" என்றேன். "எல்லாம் தெரியும்" என்றார். இவ்விஷயத்தில் நான் கேட்ட உபதேசங்களில் இதுவே தலையாயது என்று இன்றும் எண்ணுகிறேன். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, விசிறியிலும் பெல்ட்டிலும் சட்டைக் கை சிக்காதபடி எச்சரிக்கையோடு, டாஷ்போர்டுக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள இரும்புச் சுவரைத் துளைத்துச் செல்லும் அந்த இரண்டு ஹோஸ்களையும் விரலால் இலேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் கருவி கையில் இருந்தால் இன்னும் நன்று.

இரண்டு ஹோஸ்களும் நன்றாகச் சுடுகின்றன என்றால், கூலண்ட் தன் கடமையைச் செய்துவிட்டது. குற்றம் காற்றின் பக்கத்தில் இருக்கிறது. உஷ்ணத்துக்கான குமிழைத் திருப்பும்போது டாஷ்போர்டுக்குள் டக் டக்கென்ற ஓசை கேட்டால், கலப்புக் கதவைத் திருப்பும் மோட்டாரின் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்திருக்கக் கூடும். ஓசையில்லாமலும் அது செயலிழப்பதுண்டு. காற்றே வரவில்லை என்றால் முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும். உச்ச வேகத்தில் மட்டும் காற்று வந்து மற்ற வேகங்களில் வராவிட்டால் புளோயரின் ரெசிஸ்டர். எல்லா வேகத்திலும் மெலிந்து வந்தால் அழுக்கடைந்த காற்று வடிகட்டி. இவை யாவும், கை நுழைகிற இடத்தில் இருக்குமானால், சாதாரண சாமர்த்தியம் உள்ள எவரும் வீட்டு வாசலிலேயே மாற்றத் தக்கவை.

இரண்டு ஹோஸ்களும் வெதுவெதுப்பாகவே இருக்கின்றன என்றால், ஒன்று கூலண்ட் குறைந்திருக்க வேண்டும், அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்க வேண்டும். பட்டணத்து நெரிசலில் ஓரளவு சூடாக வந்த காற்று, நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் குளிர்ந்துபோய், உஷ்ணமுள்ளும் கீழே இறங்குமானால் தெர்மோஸ்டாட்டின்மேல் சந்தேகம் கொள்ளலாம். அதற்கு மாறாக, ஓடும்போது சூடும் நிற்கும்போது குளிருமாக வருமானால், கூலண்ட் குறைவையோ, உள்ளே அடைபட்ட காற்றையோ, வலுவிழந்த பம்பையோ சந்தேகிக்க வேண்டும். டீசல் என்ஜின்கள் சும்மா நின்று ஓடும்போது எளிதில் சூடேறுவதில்லை என்பதையும் இங்கே நினைவில் வைப்பது நல்லது. அது கோளாறன்று, அவற்றின் இயல்பு.

என் பிக்கப்பில் குறை தெர்மோஸ்டாட்டில் என்று பட்டதால், அதை நானே மாற்றினேன். மாற்றிய பிறகும் ஹீட்டர் குளிராகவே ஊதியது. வாங்கிய பாகமே பழுதுபட்டதோ என்று கலங்கினேன். உண்மையில் நடந்தது வேறு: கூலண்ட் நிரப்பும்போது உட்புகுந்த காற்று, ஹீட்டர் கோரில் போய்த் தங்கி, திரவத்துக்கு வழிவிடாமல் நின்றிருக்கிறது. வண்டியின் மூக்கை மேட்டில் உயர்த்தி நிறுத்தி, ஆறிய என்ஜினின் மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, பிறகு என்ஜினை ஓடவிட்டு, குமிழிகள் அடங்கும்வரையில் சிறிது சிறிதாக ஊற்றச் செய்தார் அண்ணர். அரைமணி நேரத்தில் அனல் வந்தது.

கூலண்டைக் கையாளத் துணிபவர்கள் சிலவற்றை அறிந்தே தீரவேண்டும். சுடுகின்ற என்ஜினின் மூடியை எக்காரணத்தைக் கொண்டும் திறக்கலாகாது. உள்ளே காற்றுமண்டலத்தின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு அழுத்தத்தில், நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம், மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாய்ச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். பெரும்பாலான கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள கொடிய விஷம். தரையில் சிந்தியதை நக்கும் நாயும் பூனையும் சிறுநீரகம் கெட்டுச் சாகும். குழந்தைகளுக்கும் அதே அபாயம். தண்ணீரோடு சரிபாதியாகக் கலந்தால் ஏறத்தாழ −37 பாகை வரையில் அது உறையாது. சிக்கனம் கருதி வெறும் தண்ணீரை ஊற்றியவரின் என்ஜின், ஒரே இரவின் குளிரில், உறைந்து விரிந்த பனிக்கட்டியால் வெடித்துப்போகலாம்.

ஒரு ஹோஸ் சுட, மற்றொன்று குளிர்ந்திருந்தால்தான் கவலைக்கு இடம் உண்டாகிறது. சில ட்ரக்குகளில் ஹோஸின் நடுவே அமைந்திருக்கும் வால்வு மூடிக்கொண்டிருக்கலாம். அதை முதலில் பார்த்துவிட வேண்டும். அது சரியாக இருந்தால், ஹீட்டர் கோர் அடைபட்டிருக்கிறது. ஹோஸ்களைக் கழற்றி, தோட்டத்துத் தண்ணீரை மெல்லிய அழுத்தத்தில் எதிர்த்திசையாகச் செலுத்திக் கழுவலாம். வெளிவரும் அழுக்கு நீரைச் சாக்கடையில் விடாமல் பாத்திரத்தில் பிடித்து, அதற்குரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும். ரேடியேட்டரின் ஒழுக்கை அடைப்பதாகச் சொல்லி விற்கப்படும் தூள்களையும் திரவங்களையும் நம்பி ஊற்றியவர்களின் வண்டிகளில் இந்த அடைப்பு வருவதை மெக்கானிக்குகள் அடிக்கடி காண்கிறார்கள். ஓட்டையை அடைக்கின்ற பொருளுக்கு, ஓட்டை எது, கோரின் நுண்ணிய குழல் எது என்ற பேதம் தெரியாதல்லவா? அவற்றை வாங்காதிருப்பதே உத்தமம்.

கழுவியும் திறக்கவில்லை என்றாலோ, வண்டிக்குள் இனிப்பான வாடையும், கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போன்ற மூட்டமும், முன்னிருக்கைக் கம்பளத்தில் ஈரமும் தோன்றினாலோ, கோரையே மாற்றியாக வேண்டும். இந்த வேலையை நம்மில் பெரும்பாலோர் மெக்கானிக்கிடமே விட்டுவிட வேண்டும் என்று சொல்லுவேன். பாகத்தின் விலை பெரிதன்று; கூலிதான் பெரிது. அந்தக் கூலி அநியாயமும் அன்று. பல வாகனங்களில் அந்தச் சிறு பெட்டியை எட்டுவதற்குள் ஸ்டியரிங்கை இறக்கி, டாஷ்போர்டைப் பெயர்த்து, கணக்கற்ற மின்கம்பி இணைப்புகளைப் பிரித்து, மீண்டும் இம்மியும் பிசகாமல் பூட்ட வேண்டியிருப்பதால், தேர்ந்த கைக்கே ஒரு முழு வேலைநாள் பிடிக்கும். டாஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது; பாட்டரியைத் துண்டித்து, உரிய நேரம் காத்திருந்து, முறைப்படி கழற்றாவிட்டால் அது முகத்தின் முன்னாலேயே வெடிக்கக் கூடும். மேலும், ஏர்கண்டிஷனரின் குளிர்ச்சுருள் பல வண்டிகளில் ஹீட்டர் கோரோடு ஒரே கூட்டில் இருப்பதால், அதிலுள்ள வாயுவை முதலில் கருவியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதை வேண்டுமென்றே காற்றில் விடுவது கனடாவிலும் அமெரிக்காவிலும் சட்டவிரோதம். வெளியே வெண்புகையும், ரேடியேட்டருக்குள் ஓயாத குமிழியும், ஒழுக்கு தெரியாமலே கூலண்ட் குறைவதும் காணப்பட்டால், நோய் ஹீட்டரில் இல்லை, என்ஜினின் ஹெட் காஸ்கெட்டில் இருக்கலாம். அதுவும் நிபுணரிடம் சேர்வதே.

நெடுந்தூர ட்ரக்குகள் பலவற்றில் ஓட்டுநர் உறங்கும் அறைக்கென்று தனியாக ஒரு டீசல் ஹீட்டர் உண்டு. இரவு முழுவதும் என்ஜினை ஓடவிட்டால் மணிக்குச் சுமார் மூன்று லிட்டர் டீசல் எரிவதற்குப் பதிலாக, இது அதில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகவே செலவழித்து அறையைச் சூடாக்குகிறது. இதற்குள் உண்மையான நெருப்பு எரிகிறது. இதன் புகைக்குழாயின் இணைப்பு ஒன்று தளர்ந்தால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு, உறங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். இதில் சொந்தச் சாமர்த்தியத்தைச் சோதித்துப் பார்ப்பதை நான் அறவே ஒப்புக்கொள்ளமாட்டேன். பயிற்சி பெற்றவரே திறக்கட்டும்; அறையில் அந்த வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவி ஒன்று, நல்ல பாட்டரியோடு, எப்போதும் இருக்கட்டும்.

மெக்கானிக்கிடம் போவது என்று முடிவானபின்பும் நம் சோதனை வீண்போவதில்லை. "ஹீட்டர் வேலை செய்யவில்லை" என்று சொல்பவருக்கும், "ஒரு ஹோஸ் சுடுகிறது, மற்றது குளிர்ந்திருக்கிறது, வால்வு திறந்திருக்கிறது, கழுவியும் பயனில்லை" என்று சொல்பவருக்கும் கராஜில் கிடைக்கும் மரியாதை வேறு. தேடிக் கண்டுபிடிக்கும் கூலியும் குறையும். ஒன்டாரியோவில் இத்தொழிலுக்கு உரிமச் சான்று கட்டாயம். அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அம்மாகாணத்தின் 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உபயோகத்து வாகனங்களைப் பொறுத்தவரை, எழுத்தில் கொடுத்த மதிப்பீட்டை நூற்றுக்குப் பத்துக்குமேல் தாண்டிக் கட்டணம் வாங்குவதைத் தடுக்கிறது; பொருத்திய புதிய பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் வரையில் உத்தரவாதம் அளிக்கிறது. தொழிலுக்கு ஓட்டும் ட்ரக்குக்கு இந்தப் பாதுகாப்பு இல்லையாதலால், அதன் சொந்தக்காரர் இவற்றையெல்லாம் தாமே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிறருடைய ட்ரக்கைக் கூலிக்கு ஓட்டுகின்ற சகோதரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹீட்டரைத் திருத்துவது உங்கள் வேலையன்று. ஆனால் பயணத்துக்கு முன்னால் நாள்தோறும் செய்யும் சோதனைப் பட்டியலில் ஹீட்டரும் கண்ணாடியைத் தெளிவாக்கும் அமைப்பும் இடம்பெற்றிருக்கின்றன. முதலாளி அவசரப்படுத்தினாலும், பாரம் காத்திருந்தாலும், அந்தச் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டுக் கடந்துவிடாதீர்கள். அக்டோபர் மாதத்திலேயே, கராஜ்களில் கூட்டம் சேர்வதற்கு முன்பு, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டுப் பாருங்கள். முன்கண்ணாடியின் ஊடே தடையின்றிப் பார்க்க முடியாதபடி அந்த அமைப்பு பழுதுபட்டிருந்தால், ஒன்டாரியோவின் விதிப்படி அது பெருங்குறை. அதைத் திருத்தும்வரையில் அந்த வண்டியை யாரும் சாலையில் ஓட்டக் கூடாது.