தண்ணீருக்கு எல்லைக்கோடு தெரியுமா? அரிட்டாபட்டி கண்மாய்கள் சொல்லும் கதை

மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினால், ஒத்தக்கடை வரும்போதே இடதுபக்கம் யானைமலை நீளமாகப் படுத்திருக்கும். அதைத் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டுக் கிராமத்துச் சாலையில் திரும்பினால் வயல், தென்னை, கண்மாய்க்கரை என்று காட்சி மாறும். அதற்குப் பின்னால் மொட்டைப் பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாக எழும். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அதுதான் அரிட்டாபட்டி.

2024 நவம்பருக்கு முன்பு தொல்லியல் ஆர்வலர்களும் பறவை பார்ப்பவர்களும்தான் இந்த ஊரைத் தேடி வருவார்கள். டங்ஸ்டன் என்ற ஒரு வார்த்தை அதை நாடறிந்த ஊராக்கிவிட்டது. செய்திகளில் மலையைப் பார்த்தோம், பேரணியைப் பார்த்தோம். ஆனால், இந்த மக்கள் எதைக் காப்பாற்றத் தெருவுக்கு வந்தார்கள் என்பது புரிய வேண்டுமென்றால், மலை உச்சியைவிடக் கண்மாய்க்கரைதான் சரியான இடம்.

மலைதான் தண்ணீர்த் தொட்டி

அரிட்டாபட்டியைச் சுற்றி ஏழு குன்றுகள். அரசுக் குறிப்பின்படி இந்தப் பகுதியில் 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், 3 தடுப்பணைகள் இருக்கின்றன. ஏரி என்பது அரசாங்க வார்த்தை. மதுரைப் பக்கம் அதன் பெயர் கண்மாய். இவற்றில் பேர் பெற்றது ஆனைகொண்டான் கண்மாய். பாண்டியர் காலத்தில் வெட்டியது என்று அரசுக் குறிப்பே சொல்கிறது.

இந்த ஏற்பாடு வேலை செய்யும் விதம் எளிமையானது. மொட்டைப் பாறையில் விழும் மழை அங்கே நிற்காது. கொஞ்சம் பாறை இடுக்குகளில் இறங்கிச் சுனையாகவும் ஊற்றாகவும் கசியும். மீதி ஓடையாக இறங்கி, வரத்துக்கால் வழியே கண்மாய்க்கு வரும். கண்மாய் நிறைந்தால் மடையைத் திறந்து வயலுக்கு விடுவார்கள். அதற்கும் மேலே வரும் தண்ணீர் கலுங்கு தாண்டி, மறுகாலாக அடுத்த கண்மாய்க்குப் போகும். ஒன்று நிறைந்து அடுத்ததற்கு, அது நிறைந்து அதற்கடுத்ததற்கு என்று ஒரு சங்கிலி. அதில் ஒரு கண்ணி அறுந்தால், கீழே இருக்கும் ஊருக்குத்தான் முதலில் வலிக்கும்.

மேலூர் வட்டாரத்தில் பல கண்மாய்களுக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் வருகிறது. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையின் தண்ணீர் அது. ஆனாலும் இது ஒருபோகப் பாசனப் பகுதி. அந்தத் தண்ணீரை நம்பி வருடத்துக்கு ஒரு போகம்தான். அதனால் இங்கே ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு உண்டு.

வெயில் காலத்தில் கண்மாய் வற்றும்போது, மேலூர் பக்கத்துக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், காத்திருக்கும் கூட்டம் ஊத்தாவும் வலையுமாகத் தண்ணீரில் இறங்கிவிடும். கெண்டையோ விராலோ, கிடைத்தது அன்றைக்கு வீட்டில் குழம்பாகும். மழை நன்றாகப் பெய்த வருடத்துக்குச் சொல்லும் நன்றி அது.

குகையில் ஒரு பெயர்

இங்கே மனிதர்கள் தங்கியது நேற்று முந்தாநாள் கதையல்ல. கழிஞ்சமலையில் சமண முனிவர்கள் தங்கிய இயற்கைக் குகை இருக்கிறது. அதன் நெற்றியில் தமிழ்ப் பிராமி எழுத்து, சுமார் 2,200 ஆண்டுகள் பழைமையானது. நெல்வேலியைச் சேர்ந்த வெளியன் என்பவர் இந்தக் குகையைச் செய்வித்துக் கொடுத்தார் என்பது அதன் சாரம். ஒருவர் தர்மம் செய்து பெயரை எழுதிவைத்தார். அரசுகள் பல மாறியும் அந்தப் பெயர் அழியவில்லை.

அதே மலையில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பமும், அதன் கீழே பத்தாம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டும் இருக்கின்றன. இந்தக் குன்றுக்கு அன்று திருப்பிணையன் மலை என்று பெயர் என அந்தக் கல்வெட்டு சொல்கிறது. இன்னொரு பக்கம், முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில். அங்கே இருக்கும் லகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வமானது. சமணமும் சைவமும் ஒரே ஊரில் அடுத்தடுத்து இருக்கின்றன.

மனிதர்கள் மட்டுமல்ல. சுமார் 250 பறவை இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளுக்கும் இந்தப் பாறைகள் வீடு. எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பும் உண்டு.

இவற்றுக்காகத்தான் 2022 நவம்பர் 22 அன்று, அரிட்டாபட்டியிலும் பக்கத்து மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193.42 ஹெக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாநிலத்தில் இந்தப் பெயரைப் பெற்ற முதல் இடம் இதுதான்.

வந்தது டங்ஸ்டன்

அறிவிப்பு வந்து இரண்டு வருடம்கூட முடியவில்லை. 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. பரப்பு 2,015.51 ஹெக்டேர், ஏறக்குறைய 5,000 ஏக்கர். அரிட்டாபட்டியோடு நாயக்கர்பட்டி, அ.வல்லாளப்பட்டி, எட்டிமங்கலம் என்று பல ஊர்கள் பதறின.

டங்ஸ்டன் சாதாரண உலோகம் அல்ல. உலோகங்களிலேயே அதிக உருகுநிலை கொண்டது, சுமார் 3,422 டிகிரி செல்சியஸ். பழைய குண்டு பல்பின் இழையிலிருந்து துளையிடும் கருவிகள், ராணுவத் தளவாடங்கள் வரை அது தேவை. நாட்டுக்கு அது வேண்டும் என்ற வாதத்தை யாரும் சும்மா தள்ளிவிட முடியாது.

ஆனால், மேலூர்க்காரர்களுக்கு வேறொரு அனுபவம் இருந்தது. கிரானைட். கீழவளவு உள்ளிட்ட ஊர்களில் குன்றுகள் அறுக்கப்பட்டதையும், கண்மாய்களும் கால்வாய்களும் சிதைந்ததையும் அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். 2012-ல் வெடித்த அந்த முறைகேட்டை விசாரிக்க, ஐ.ஏ.எஸ். அதிகாரி உ.சகாயத்தை 2014-ல் உயர் நீதிமன்றம் நியமித்தது. மலை போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும் என்பதை யாரும் இவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

1.93-ம் 20.16-ம்

எதிர்ப்பு வலுத்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று மத்திய அரசு விளக்கம் தந்தது. மொத்தம் 20.16 சதுர கிலோமீட்டரில் பல்லுயிர்த் தலம் 1.93 சதுர கிலோமீட்டர்தான். அதைத் தவிர்த்து எல்லையை மாற்றலாமா என்று மறு ஆய்வு செய்யப்படும் என்றது.

காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். பத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டால் பிரச்னை தீர்ந்ததே! ஆனால், கண்மாய்க்கரையில் நின்று பாருங்கள். ஓடை எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. குன்று கோட்டுக்கு உள்ளே என்றால், அதன் தண்ணீரைக் குடிக்கும் வயல் வெளியே. வல்லூறு கூடு கட்டுவது பாறையில், இரை தேடுவது வயல்வெளியில். மக்கள் கேட்டது எல்லை மாற்றத்தை அல்ல, முழு ரத்தை.

2025 ஜனவரி 7 அன்று, நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள். மேலூரில் கடைகள் அடைக்கப்பட்டன. ஒருபோகப் பாசன விவசாயிகள், வியாபாரிகள், கைக்குழந்தையோடு பெண்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். ஊர்க் காரியத்தை ‘நாடு’ கூடிப் பேசி முடிவெடுப்பது மேலூர்ப் பக்கத்து வழக்கம். அந்தப் பழக்கம் இங்கேயும் கைகொடுத்தது. ஜனவரி 22 அன்று ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லியில் மத்திய சுரங்க அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். மறுநாளே ஏலம் ரத்தானது.

போகலாமா?

தாராளமாகப் போகலாம். காலையிலேயே போய்விடுங்கள், பாறை சீக்கிரம் சுட்டுவிடும். கையோடு தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால், காலிப் பாட்டிலையும் கையோடு திரும்பக் கொண்டுவாருங்கள். குகையில் உங்கள் பெயரைக் கிறுக்க வேண்டாம். வெளியன் அங்கே பெயர் எழுதியது ஒன்றைக் கொடுத்துவிட்டு.

திரும்பும்போது கண்மாய்க்கரையில் பத்து நிமிடம் உட்காருங்கள். ஏலம் ரத்தானதோடு வேலை முடிந்துவிடவில்லை. வரத்துக்கால் தூர்ந்தாலும், மடை பழுதானாலும், கரையில் சீமைக்கருவேலம் மண்டினாலும் கண்மாய் சத்தமில்லாமல் செத்துப்போகும். அதற்கு எந்தக் கம்பெனியும் வரத் தேவையில்லை. பாரம்பரியத் தலம் என்ற பெயர் 193 ஹெக்டேருக்குக் கிடைத்தது. அதற்கு வெளியே இருக்கும் கண்மாய்களுக்கு வருடா வருடம் காவல் நிற்க வேண்டியது ஊர்தான்.

உங்கள் ஊரிலும் ஒரு கண்மாயோ ஏரியோ குளமோ இருக்கும். அதற்குத் தண்ணீர் எந்த மேட்டிலிருந்து, எந்த வழியாக வருகிறது என்று தெரியுமா? தெரியாவிட்டால், வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள்.