பேய்ப்படமும் பார்த்தவர்களும்

பேய்ப்படத்துக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. 1978இல் மலையாளத்தில் ‘லிசா’வைத் தந்த இயக்குநர் பேபி, 1990இல் தமிழில் ‘13ஆம் நம்பர் வீடு’ என்ற படத்தை அளித்தார். ஒரு வீடு, பழிவாங்க வந்த ஒரு பெண்ணின் ஆவி, அடுத்தடுத்துச் சாவுகள். இவையே அதன் முதலீடு.

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசற் சிற்றூர்களில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தோரிடம் கருத்துக் கேட்டோம். இளைஞர்கள் நகைத்தனர்: “சாயத் தண்ணிதானே சுவாமி, இரத்தம்!” (இருட்டிய பின் கண்மாய்க்கரை வழியே தனியே வர மறுப்பவர்களும் இவர்களே.) நெசவாளர் குடும்பத்துத் தாய்மார் நகைக்கவில்லை. “உயிரோடிருந்தபோது அவளுக்காக யார் கேட்டார்கள்? பேயாக வந்துதானே கேட்க முடிந்தது!” என்றனர். நமக்கு இது வியப்பன்று. அநியாயமாய் மாண்ட பெண்களைத் தெய்வமாக்கி வணங்கும் வழக்கம் தென்னாட்டில் பழையது. அவர்களது ஆதங்கம் நியாயமே. ஆயினும், “அதற்காக வீட்டார் எல்லாருமா சாக வேண்டும்?” என்று வினவினோம். மறுமொழி வரவில்லை.

சிறுவர்களிடம் நாம் கேட்கவே தேவையிருக்கவில்லை. நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளன்று, தாத்தாவின் கல்லறையில் ஏற்றுவதற்கென வாங்கிய மெழுகுதிரியைக் கையிற் பற்றியபடி, கல்லறைத் தோட்டத்து வாயிலிலேயே நின்றுவிட்டனர்.