கனடாவின் முதிய இரயில் எஞ்சின்கள்

இரயில் எஞ்சின் என்றதும் பெட்டிகளை இழுத்துச் செல்லும் பொறி என்றே நாம் எண்ணுகிறோம். கனடா நாட்டில் அதன் வேலை அத்துடன் முடிவதில்லை. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது, நாற்பது டிகிரி வரை குளிர் இறங்கும் வெளிகளில், பெட்டிகளுக்குள் இருக்கும் பயணிகளுக்கு வெப்பம் தருவதும் அந்த எஞ்சின்தான். சமையலறைக்கும் விளக்குகளுக்கும் மின்சாரம் தருவதும் அதுவே. ஆகவே அந்நாட்டில் எஞ்சின் முதுமை அடைகிறது என்றால், அது வண்டி தாமதமாக வருகிறது என்பதோடு நிற்கும் செய்தி அன்று.

முதலில் டீசல் எஞ்சின் இயங்கும் முறையைச் சற்றுப் பார்ப்போம். டீசல் எண்ணெயை எரிக்கும் பெரிய எஞ்சின் சக்கரங்களை நேராகச் சுழற்றுவதில்லை. அது ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. அதில் உண்டாகும் மின்சாரம் அச்சுகளை ஒட்டியுள்ள மோட்டார்களுக்குச் செல்ல, அவை சக்கரங்களைச் சுழற்றுகின்றன. அதாவது ஒவ்வொரு டீசல் வண்டியும் தன் மின் நிலையத்தைத் தானே சுமந்து கொண்டு ஓடுகிறது எனலாம். ஓயாத அதிர்ச்சியால் இரும்புச் சட்டங்களில் விரிசல் காணும். மின்கம்பிகளின் மேலுறை காய்ந்து வெடிக்கும். காற்றோடு உள்ளே இழுக்கப்படும் பொடிப்பனி உருகி, மோட்டார்களில் ஈரம் சேர்க்கும். இவற்றை எல்லாம் பழுது பார்த்துவிடலாம். ஆனால் உதிரிப் பாகம் செய்த தொழிற்சாலையே மூடப்பட்டுவிட்டால் என்ன செய்வது?

கனடாவில் 1960ஆம் ஆண்டோடு நீராவி எஞ்சின்களின் காலம் முடிந்தது. ஆயினும் பெட்டிகளைச் சூடாக்கும் வழக்கம் மாறவில்லை. நீராவிக் குழாய்களே அதற்கும் பயன்பட்டு வந்தன. எனவே புதிய டீசல் எஞ்சின்களுக்குள்ளும், பெட்டிகளுக்கு நீராவி அனுப்புவதற்கென்றே ஒரு கொதிகலன் வைக்க வேண்டியதாயிற்று! 1977இல் வியா ரயில் என்னும் நிறுவனம் உருவாகி, அதுவரை இரு பெரிய இரயில்வே கம்பெனிகள் நடத்தி வந்த பயணி வண்டிகளை ஏற்றது. அவ்விரு கம்பெனிகளின் 1950களின் எஞ்சின்களும் அதனிடம் வந்து சேர்ந்தன. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள நீராவிக் குழாய்கள் கடுங்குளிரில் உறைந்து போவது பெரும் தொல்லை. 1981இல் ஓடத் தொடங்கிய எல்.ஆர்.சி. என்னும் புதுவகை வண்டிகள் இதற்கு மாற்றாக வந்தன. அவற்றின் பெட்டிகள் நெடுங்காலம் உழைத்தன. எஞ்சின்களோ இருபது ஆண்டுகளில் ஓய்வு பெற்றன.

உண்மையான மாற்றம் 1986க்கும் 1989க்கும் இடையில் நிகழ்ந்தது. ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரத் தொழிற்சாலையிலிருந்து (இங்கிலாந்தின் லண்டன் அன்று) 59 எஞ்சின்களை வியா வாங்கியது. எஃப் 40 என்பது அவ்வகையின் பெயர். ஒவ்வொன்றும் 3,000 குதிரைத் திறன் உடையது. இவற்றில் கொதிகலன் இல்லை. பெட்டிகளுக்கு மின்சாரம் அனுப்பி, மின் அடுப்புப் போலச் சூடாக்கும் முறை இவற்றோடு பரவியது. 1955இல் ஓடத் தொடங்கிய கனேடியன் என்னும் புகழ்பெற்ற வண்டியின் பளபளக்கும் எஃகுப் பெட்டிகளும் 1990களின் தொடக்கத்தில் நீராவியிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றப்பட்டன.

இம்முறையிலும் ஒரு குறை இருந்தது. விளக்குக்கும் வெப்பத்துக்கும் வேண்டிய மின்சாரம் சீராகக் கிடைக்க வேண்டுமானால், வண்டி நிலையத்தில் சும்மா நின்றாலும் பெரிய எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 900 சுற்றுகள் சுழன்று கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் வீண், எஞ்சினுக்கும் தேய்மானம். 2007 முதல் 2012 வரை மாண்ட்ரியலில் இவ்வெஞ்சின்களைப் பிரித்துச் சீரமைத்தபோது, பெட்டிகளுக்கு மின்சாரம் தருவதற்கென்றே தனியாக ஒரு சிறு எஞ்சினைப் பின்புறம் பொருத்தினார்கள். புதிது வாங்கப் பணமில்லாத வீட்டில் பழைய தையல் இயந்திரத்துக்குப் புது மோட்டார் வைப்பதில்லையா, அது போலத்தான். நல்ல யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சட்டங்களின் வயது குறையவில்லை. மூத்த எஞ்சின்களுக்கு இப்போது ஏறத்தாழ நாற்பது வயது. அவற்றைச் செய்த லண்டன் தொழிற்சாலையும் 2012இல் மூடப்பட்டுவிட்டது.

இந்நிலையில் 2018 டிசம்பரில் சீமென்ஸ் கம்பெனியிடம் 32 முழு வண்டிகளுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டது. மதிப்பு 98 கோடியே 90 லட்சம் கனடிய டாலர். அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில் இவை உருவாயின. எஞ்சின் 4,200 குதிரைத் திறன். பழையவற்றைவிட மிகக் குறைந்த நச்சுப் புகை. வண்டியின் மறு கோடியிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றித் திருப்பி மாட்டும் வேலை இல்லை. 2022 நவம்பரில் முதல் வண்டி பயணிகளோடு ஓடியது. க்யூபெக் நகரிலிருந்து மாண்ட்ரியல், டொராண்டோ வழியாக விண்ட்சர் வரை நீளும், மக்கள் நெருக்கம் மிகுந்த பாதைக்கென வாங்கப்பட்டவை இவை. (டொராண்டோவில் உறவினர் உள்ள பெற்றோர் நம்மிடையே பலர். அவர்களைக் கேட்டால் இந்த வண்டியைப் பற்றிச் சொல்லக்கூடும்.)

புதியது வந்தால் தொல்லை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். லெவல் கிராசிங்குகளில் கேட் தானாக மூடுவது எப்படித் தெரியுமா? இரு தண்டவாளங்களிலும் மெல்லிய மின்சாரம் ஓடுகிறது. வண்டியின் சக்கரங்களும் அச்சுகளும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிட, மின்சாரம் அவ்வழியே குறுக்கே பாய்கிறது. வண்டி வருகிறது என்று கருவி அறிந்து, மணி அடித்துக் கேட்டை இறக்குகிறது. தண்டவாளத்தில் துருவோ அழுக்கோ இருந்தால் இந்த இணைப்புச் சரியாக ஏற்படாமல் போகலாம். அச்சுகள் அதிகமானால் இணைப்பும் உறுதியாகும். புதிய வண்டியில் எஞ்சினும் ஐந்து பெட்டிகளும் சேர்ந்து 24 அச்சுகளே உள்ளன. வியா ஓடும் பாதைகளில் பெரும்பகுதி அதற்குச் சொந்தமில்லை; சி.என். என்னும் சரக்கு இரயில் கம்பெனிக்கு உரியது. அக்கம்பெனி, 32 அச்சுகளுக்குக் குறைந்த இந்த வண்டிகள் சில கிராசிங்குகளில் வேகத்தைக் குறைத்தே செல்ல வேண்டும் என்று 2024 அக்டோபரில் உத்தரவிட்டது. விரைந்து செல்ல வாங்கிய வண்டிகள் தாமதமாக வரத் தொடங்கின. எஞ்சினை மட்டும் மாற்றினால் போதாது. பாதை, சிக்னல், பாதையின் சொந்தக்காரர் யாவும் அதனோடு ஒத்துப் போக வேண்டும் என்று இதனால் தெரிகிறது.

நெரிசலான பாதைக்குப் புது வண்டி வந்தது சரி. தொலைதூர மக்களுக்கு? டொராண்டோவிலிருந்து வான்கூவர் வரை 4,466 கிலோ மீட்டர், நான்கு இரவுகள் ஓடும் கனேடியன் வண்டியை இழுப்பது அதே எஃப் 40 எஞ்சின்கள்தாம். மனிட்டோபா மாகாணத்தின் வின்னிபெக்கிலிருந்து ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள சர்ச்சில் ஊருக்குச் சுமார் 1,700 கிலோ மீட்டர் செல்லும் வண்டியையும் அவையே இழுக்கின்றன. சர்ச்சிலுக்குச் சாலை கிடையாது. 2017இல் வெள்ளம் பாதையை அரித்தபோது ஓராண்டுக்கு மேல் இரயில் இல்லாமல், பொருள்கள் விமானத்தில் வர, விலைவாசி ஏறி அம்மக்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. வழியில் உள்ள பழங்குடி மக்களின் சிற்றூர்கள் சிலவற்றுக்கும் அந்த வண்டியே துணை.

மனிட்டோபா என்ற பெயர் இலங்கையிலும் உண்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1950களில் இலங்கைக்கு அளித்த எஞ்சின்களுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். 2004 சுனாமியில் பெரலியவில் சிக்கிய வண்டியை இழுத்து வந்தது மனிட்டோபா என்னும் அந்த எஞ்சினே. பின்னர் அதைச் சீர்செய்து மீண்டும் ஓட்டினார்கள். ஐம்பது, அறுபது வயதிலும் எஞ்சின் உழைக்கக் கூடும் என்பதற்கு அது சான்று. ஆனால் அங்கே தண்ணீர் உறைவதில்லை. எஃப் 40 போன்ற எஞ்சின்களில் குளிர்விக்க ஓடுவது பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். காரில் ஊற்றுவது போன்ற உறையாத திரவம் அன்று. குளிர்கால இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டால் தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்துவிடும். ஆதலால் வேலை இல்லாத நேரத்திலும் அது ஓடிக்கொண்டே நிற்க வேண்டும், அல்லது வேறு வகையில் சூடாக வைக்கப்பட வேண்டும். கனடாவின் எஞ்சின்களுக்கு வயது விரைவாக ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொலைதூர வண்டிகளையும் மாற்றுவதற்குப் பணம் தரப்படும் என்று 2024ஆம் ஆண்டு வரவு-செலவுத் திட்டத்தில் கனடா அரசு அறிவித்தது. முந்திய ஆர்டரில் கையெழுத்துக்கும் முதல் பயணத்துக்கும் இடையே நான்கு ஆண்டுகள் சென்றன. படுக்கைப் பெட்டி, உணவுப் பெட்டி எல்லாம் சேர்ந்த நெடுந்தூர வண்டிக்கு அதைவிடக் கூடுதலான காலம் ஆகலாம். அதுவரை சர்ச்சில் நிலையத்துப் பனியில், இழுக்க ஒன்றும் இல்லாத இரவுகளிலும், அந்த முதிய எஞ்சின்கள் உறுமிக்கொண்டே நிற்கும்.