கடல் தாண்டும் முன் கிடாரிப்பட்டி வரை

அழகர்மலைத் தொடரில் கிடாரிப்பட்டிக்கு மேலே ஒரு பெரிய குகைத்தளம் இருக்கிறது. உள்ளே பாறையை வழவழப்பாகச் செதுக்கி வரிசையாகப் படுக்கைகள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு படுக்கையிலும் தலைமாட்டில் மட்டும் கல் கொஞ்சம் உயர்ந்திருக்கும், அதுதான் தலையணை. குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் பாறையில் வழியும் தண்ணீர் உள்ளே வராமல் அந்தக் காடியில் தடுபட்டு வெளியே சொட்டிவிடும். படுப்பவர் நனையக் கூடாது என்று யாரோ ஒருவர் யோசித்து, உளி பிடித்துச் செய்த வேலை அது.

அந்தப் பாறையில் தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. மதுரையின் பொன் வணிகர், உப்பு விற்றவர், பாகு விற்றவர், துணி விற்றவர், கலப்பைக்கான கொழு விற்றவர் என்று அன்றைய கடைத்தெருவே அங்கே வரிசை கட்டி நிற்கிறது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பு கையில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஊர் ஊராக நடந்த சமணத் துறவிகளுக்கு இவர்கள் படுக்கை வெட்டிக் கொடுத்தார்கள்.

என் அக்கா மகள் ஒரு செவிலியர். கிழக்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றின் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வாலண்டியராக வேலை செய்யப் போகிறாள். போவதற்கு முன் எங்காவது போய்வர வேண்டும் என்றாள். அவள் வயதுப் பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு மணாலிக்கும் கோகர்ணாவுக்கும் போகிறார்கள். அவள் மனதிலும் இமயமலைதான் இருந்தது. நான்தான் யானைமலையில் தொடங்கிக் கிடாரிப்பட்டி வரை நடக்கலாம் என்றேன். “மாமா, அது பஸ்ல போற இடம்தானே?” என்று கேட்டாள். பஸ்ஸில் போகிற இடம்தான். அதை நடந்து பார்த்தால் தெரிவது வேறு.

சேவை செய்யக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் என்ன கொடுக்கப் போகிறோம் என்பதையே நினைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். படிப்பைக் கொடுப்போம், மருந்து கொடுப்போம், கிணறு வெட்டிக் கொடுப்போம். ஆனால் அந்நிய ஊரில் போய் இறங்கிய முதல் சில மாதங்களுக்கு வாலண்டியர் என்பவர் வாங்குகிறவர்தான். பாஷை தெரியாது, தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, எந்தக் கடையில் எது கிடைக்கும் என்று தெரியாது. பக்கத்து வீட்டார் சொல்லிக் கொடுத்தால்தான் குளிக்கவே முடியும். கூச்சப்படாமல், அதிகாரமும் இல்லாமல் ஒரு ஊரின் கையிலிருந்து வாங்கத் தெரிய வேண்டும். எந்தப் பயிற்சி முகாமையும்விட மதுரைச் சமவெளி அதை நன்றாகச் சொல்லிக் கொடுக்கும் என்று நான் நம்புகிறேன்.

மார்கழி போய்த் தை பிறந்ததும் நடப்பதுதான் நல்லது. மாசி முடிந்துவிட்டால் இந்தப் பாறைகளில் காலை ஒன்பது மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. ஒத்தக்கடையில் இறங்கி நரசிங்கம் வழியாக யானைமலை அடிவாரத்துக்குப் போனோம். குடைவரைக் கோயிலையும் மலைமேல் உள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களையும் பார்த்துவிட்டு, மேலூர்ச் சாலையிலிருந்து விலகி வயல்வெளிக்குள் இறங்கினோம். அதற்குப் பிறகு எங்கள் துணை பெரியாற்றுத் தண்ணீர். 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த அணையிலிருந்து மலையைத் துளைத்துக் கிழக்கே திருப்பிவிட்ட தண்ணீர், வைகையோடு கலந்து கால்வாயாகப் பிரிந்து இந்த வயல்கள்வரை வருகிறது. கால்வாய்க் கரையில் நடந்தால் நிழலும் உண்டு, கேட்டால் வழி சொல்ல ஆளும் உண்டு.

அவள் பை ரொம்பக் கனமாக இருந்தது. உடம்புக்கு என்னென்ன வரும் என்று தெரிந்த செவிலியர் என்பதால் எல்லாவற்றுக்கும் மருந்து எடுத்து வைத்திருந்தாள். அரிட்டாபட்டி நெருங்குமுன் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பார்த்து, “ஏத்தா, இந்த வெயில்ல பையத் தூக்கிக்கிட்டு எங்கிட்டுப் போறீக?” என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லி முடிக்குமுன் சொம்பு நிறைய நீராகாரம் வந்துவிட்டது. உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு. குடித்து முடித்ததும் என் அக்கா மகள் பையைத் திறந்து பணத்தைத் தேடினாள். அந்த அம்மாவின் முகம் அப்படியே மாறிவிட்டது. “காசு வேணாம்த்தா. புளி உடைக்கத் தெரியுமா?” என்றார். தெரியாது. சொல்லிக் கொடுத்தார். கொட்டையைத் தட்டி எடுக்கும்போது புளி நசுங்காமல் அடிக்க வேண்டும். அந்தச் சின்னச் சுத்தியலைப் பிடிக்க ஒரு பக்குவம் வேண்டும். அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்து அவள் புளி உடைத்தாள். அவ்வளவு நேரமும் அந்த அம்மா தன் மூட்டுவலியைப் பற்றியும், ஆஸ்பத்திரிக்கு ஏன் போவதில்லை என்பதைப் பற்றியும் பேசினார். மாத்திரை இலவசம்தான், ஆனால் போய்வர ஒருநாள் கூலி போய்விடும், கூட வருகிறவருக்கும் கூலி போய்விடும்.

இது மதுரைக்குப் பழைய பாடம். 1976-ல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராம முகாம்களில் கண்புரை அறுவை சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் பார்வை மங்கிய பலர் வரவில்லை. பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் துணைக்கு ஆள் இல்லாததும்தான் அவர்களைத் தடுத்தன என்று தெரிந்ததும், நோயாளிகளைத் தாங்களே வண்டியில் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடத் தொடங்கினார்கள். இன்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்து மருத்துவமனைக்காரர்கள் இதையெல்லாம் கற்றுக்கொள்ள மதுரைக்கு வருகிறார்கள். இங்கிருந்தும் ஆட்கள் அங்கே சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள்.

கொடுக்கப் போகிறவர் முதலில் பார்த்துக் கற்றுக்கொள்வதைப் பற்றி, காந்தியை நினைக்காமல் இந்த ஊரில் பேச முடியாது. 1915-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியவரிடம், ஓர் ஆண்டு நாட்டைச் சுற்றிப் பாருங்கள், அதுவரை பொது விஷயங்களில் கருத்துச் சொல்லாதீர்கள் என்று கோகலே கேட்டுக்கொண்டார். காந்தி அப்படியே மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் சுற்றினார். சுற்றுவதை அதன் பிறகும் அவர் விடவில்லை. 1921 செப்டம்பரில் மதுரைக்கு வரும் ரயிலில், கதர் வாங்கக் கையில் காசில்லை என்று சொன்ன ஏழைகளோடு பேசினார். 22-ஆம் தேதி மேலமாசி வீதி வீட்டிலிருந்து அவர் வெளியே வந்தபோது இடுப்பில் நாலு முழ வேட்டி மட்டும் இருந்தது. உலகமே தலைவராகப் பார்த்த ஒருவர், வழியில் பார்த்ததைத் தன் உடம்பிலேயே ஏற்றுக்கொண்டார். பயணம் என்றால் என்ன என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

அரிட்டாபட்டியில்தான் அதிக நேரம் இருந்தோம். ஏழு குன்றுகளும் ஏராளமான கண்மாய்களும் ஊருணிகளும் சூழ்ந்த ஊர். லகர் வல்லூறும் ராசாளியும் இந்தப் பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. குன்றில் தமிழிக் கல்வெட்டும் சமணச் சிற்பமும் உண்டு. பாண்டியர் காலக் குடைவரையும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகளைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. ஆனால் 2024 நவம்பரில் இதையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 5,000 ஏக்கரை டங்ஸ்டன் எடுக்க மத்திய அரசு ஏலம் விட்டது. எங்கோ ஒரு மேசையில் விரித்த வரைபடத்தில் இந்த நிலம் ஒரு கனிமத் தொகுதி, அவ்வளவுதான். அதில் கண்மாய் இல்லை, காவல்தெய்வம் இல்லை, புளியமரம் இல்லை. மேலூர் வட்டார மக்கள் 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குத் திரண்டு நடந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்தானது.

டீக்கடையில் இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே என் அக்கா மகள் நோட்டில் எதையோ எழுதினாள். பிறகு, “நான் போற இடத்துக்கும் யாரோ எங்கயோ உக்காந்து ஒரு பிளான் போட்டுத்தான் வச்சிருப்பாங்க, மாமா” என்றாள். அவளுக்கு வந்த வேலை விவரத் தாளில் எத்தனை தாய்மார்களைப் பதிவு செய்ய வேண்டும், எத்தனை கூட்டம் போட வேண்டும் என்றெல்லாம் இருந்தது. அந்த ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி இல்லை. கெட்ட எண்ணம் உள்ளவர்கள் மட்டும்தான் கேட்காமல் திட்டம் போடுவார்கள் என்றில்லை. நல்லது செய்யப் போகிறவர்களிடமும் அந்தப் பழக்கம் உண்டு. அதனால் போன இடத்தில் கட்டிய கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, வாங்கிய கருவி உறை பிரிக்காமல் கிடக்கிறது.

மீனாட்சிபுரம் அருகே மாங்குளம் குன்றில் ஏறினோம். 1882-ல் ராபர்ட் சீவெல் இங்குள்ள கல்வெட்டுகளைக் கண்டார். அவற்றில் வரும் பெயர் சங்க காலப் பாண்டியன் நெடுஞ்செழியன் என்பதை ஐராவதம் மகாதேவன் 1960-களில் நிறுவினார். கணிநந்தன் என்ற துறவிக்கு அரசனின் அதிகாரியும், வெள்ளறை ஊர் வணிகர் குழுவினரும் இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். சொத்தே இல்லாத ஒரு மனிதரின் பெயரும் அவருக்குப் படுக்கை தந்தவர்களின் பெயரும் ஒரே பாறையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வாங்கியவரும் கொடுத்தவரும் அங்கே சமமாகத்தான் தெரிகிறார்கள்.

குகைகளில் இரவு தங்கக் கூடாது; பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் அவை. ஊருக்குள் பெரியவர்களிடம் கேட்டால் கோயில் மண்டபத்திலோ வீட்டுத் திண்ணையிலோ இடம் கிடைக்கும். கேட்பதற்குத்தான் வெட்கமாக இருக்கும். முதல் நாள் இரவு அவளுக்காக நான் கேட்டேன். அடுத்த ஊரில் அவளையே கேட்க வைத்தேன். ஐந்து நிமிடம் தயங்கி நின்றாள். பிறகு கேட்டாள். பாயும் தலையணையும் சேர்ந்தே வந்தன.

தனியாக நடக்கத் தயங்குகிறவர்கள், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடையோடு சேர்ந்து கொள்ளலாம். யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை மக்கள் எதிர்த்த காலத்தை ஒட்டி, 2010-ல் உருவான குழு அது. குன்றுகளுக்குக் கூட்டமாகப் போவார்கள். தொல்லியல் அறிஞர்கள் கூடவே வந்து கல்வெட்டை வாசித்துக் காட்டுவார்கள். சாப்பாட்டையும் அங்கேயே எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

மற்றபடி காகித வேலையையும் தள்ளிப்போடக் கூடாது. வாலண்டியராகப் போக விரும்புகிறவர்களுக்கு 1970-ல் தொடங்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டம் ஒரு நல்ல வாசல். சம்பளம் கிடையாது, வாழ்க்கைச் செலவுக்குப் படி உண்டு. ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே அதைப் போடுவார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். ஆனால் ஆயுளுக்கும் அது போதும். போலீஸ் சான்றுக்கும் விண்ணப்பித்துவிட்டு, அது வருவதற்குள் நடந்துவிட்டு வரலாம். என் அக்கா மகள் அப்படித்தான் செய்தாள். கிடாரிப்பட்டியிலிருந்து அழகர்கோயிலுக்கு நடந்து, அங்கே பஸ் ஏறி வீட்டுக்கு வந்ததும் பையைத் தரையில் கொட்டினாள். மருந்தில் பாதியை எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் அவள் போகும் நாட்டு மொழியின் பாடநூலை வைத்தாள்.